என் அளவுக்குச் செய்த துப்பாக்கி

ரவிக்கைக்கு அளவு எடுப்பதுபோலத்தான் அந்தத் துப்பாக்கிக்கும் என்னை அளவு எடுத்தார், பம்பாய் குர்லாவில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் ஒருவர். தோளிலிருந்து விரல் வரை, கன்னத்திலிருந்து கண் வரை நாடா பிடித்துப் பார்த்து, ரைஃபிள் கிளப் மூலம் கிடைத்த குழலுக்கு என் உடம்புக்கு ஏற்ற மரக்கட்டை ஒன்றைச் செதுக்கினார். கையில் கொடுக்குமுன் ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு முழு நீளத்துக்கும் இழுத்துக் காட்டினார்.

“குழலு மரத்தத் தொடப்படாது, பாத்துக்கிடுங்க. தொட்டுச்சுன்னா குண்டு அது இஷ்டத்துக்குப் போவும்.”

அறுபதுகளின் நடுவில் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. வாரமெல்லாம் மாட்டுங்காவிலிருந்து ஃபோர்ட்டுக்கு ரயிலில் போய் டைப் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு குறி அட்டையைச் சுடுவேன். வீட்டில் இது யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதுகூட மரியாதையான வார்த்தை. துப்பாக்கி இருந்த பீரோவை அம்மா சுற்றிக்கொண்டுதான் போவாள். அப்பா ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க். எதற்கும் ஒரு நிபந்தனை போட்டுத்தான் தலையாட்டுவார். மாநில டீமில் எனக்கு இடம் கிடைத்தால் கல்யாணப் பேச்சு ஒரு வருஷம் தள்ளிப்போகும். கிடைக்காவிட்டால் செம்பூரிலிருந்து பெண் பார்க்க வருவார்கள். எனக்கு அந்த ஒரு வருஷம் வேண்டும். அதற்குமுன் எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

முதல் சில வாரங்கள் துப்பாக்கி சொன்னபடி கேட்டது. செலக்‌ஷன் நெருங்கும்போது அதற்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒரு குண்டு நடுவில் படும். அடுத்தது மேலே ஏறும். அதற்கடுத்தது எங்கே போனது என்று தேட வேண்டும். அட்டைக்கு அம்மை போட்டிருந்தது.

தோட்டாப் பெட்டியை மாற்றிப் பார்த்தேன். குறி பார்க்கும் சைட்டின் திருகுகளை முடுக்கினேன். குழலுக்குள் துணி விட்டுத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. முழங்கையை வைக்கும் இடத்தை மாற்றினேன், மூச்சு விடுவதை மாற்றினேன், காபியை நிறுத்தினேன். காபி இல்லாமல் தலைவலி வந்ததுதான் மிச்சம். கோச் துப்பாக்கியை வாங்கி மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டார். ஒரு குண்டுகூட விலகவில்லை. ‘பந்தூக் டீக் ஹை’, துப்பாக்கியில் குறையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, விசையை இழுக்கும்போது நான் பயப்படுகிறேன் என்றார். குர்லாவுக்கு ஓடினேன். பட்டறை பூட்டிக் கிடந்தது. மகள் கல்யாணத்துக்காக அவர் ஊருக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான். என் கண், என் கை, என் திமிர். ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுகூட விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க நடுங்கியது.

செலக்‌ஷன் பட்டியலைக் கடைசியிலிருந்து படித்தால் என் பெயர் சீக்கிரமே வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

“துப்பாக்கிலே கோளாறா, நோக்கே வரலையா?”

“தெரியலேப்பா.”

“ஞாயத்துக்கெழமை நானே வந்து பாக்கறேன். நெஜமாவே வரதுன்னா செம்பூர்க்காராளைப் பொறுத்துக்கச் சொல்றேன்.”

அவர் மனசு அவ்வளவு இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எதைக் காட்டுவது?

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். வீட்டுக்கு வந்து, வேறு வழி தோன்றாமல், கையில் இருந்த பஸ் டிக்கெட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. திருகுகளைக் கழற்றிக் குழலைத் தூக்கினேன். உள்ளே மஞ்சளாக, கல்போல இறுகிப்போய், ஓரத்தில் சிவப்போடு ஒரு கட்டி. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

செலக்‌ஷனுக்குச் சில வாரம் முன்னால், ஆயுத பூஜை அன்று குளித்துவிட்டு வந்தபோது, பூஜைப் பலகையில் அம்மாவின் தையல் மெஷினுக்கும் அப்பாவின் பேனாவுக்கும் பக்கத்தில் என் துப்பாக்கி கிடந்தது. யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அவராகவே பீரோவிலிருந்து எடுத்து, மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அப்பா சந்தனத்தைத் தளரக் கரைத்து, தாராளமாக வைப்பார். அன்று அதைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் வெளியே இருந்ததைத் துணியால் துடைத்தேன். உள்ளே வழிந்ததை யார் பார்த்தார்கள்? மணல் மூட்டையில் வைத்தால் அந்தக் கட்டி குழலைத் தொடாது. நான் துப்பாக்கியின் தோல் வாரைக் கையில் சுற்றி இழுத்துப் பிடிக்கும்போது மட்டும் மரம் துளி வளைந்து, சந்தனம் குழலை முட்டியிருக்கிறது.

யாரைக் கோபித்துக்கொள்வது? கொண்டை ஊசியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். எடுக்க எடுக்க மணத்தது. 

மறுநாள் அப்பா கிளப்புக்கு வந்தார். அன்றுதான் முதல் தடவை. கோச் டீமோடு டெல்லிக்குப் போய்விட்டார். ரேஞ்சில் எங்களைத் தவிர வாட்ச்மேன் மட்டும். பத்துத் தோட்டா சுட்டேன். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சுட்டதில்லை. சுடும்போதே தெரிந்தது. அட்டையை எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், திருப்பினார், பின்பக்கமும் பார்த்தார்.

“ஒண்ணுதானே பட்டிருக்கு? பாக்கி ஒம்போது எங்கே?”

“எல்லாம் அந்த ஒரே ஓட்டைக்குள்ளதாம்பா போயிருக்கு.”

அப்பா சிரிக்கவில்லை. அப்படிப் பொய் சொல்கிற அளவுக்கு நான் வந்துவிட்டேனே என்று அவர் முகம் வாடியது.

“அப்போ செலக்‌ஷன் அன்னிக்கு ஏண்டியம்மா அப்படிப் போகலே?”

பதில் நாக்கு நுனியில் இருந்தது. என் துப்பாக்கியை ஆசையாக அவர் தொட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். அதனால்தான் கெட்டது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?  அவர் அட்டையைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் என் தோள்பையையும் அவரே தூக்கிவந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பத்துலே ஒண்ணு பட்டுது. பாவம், கொழந்தை ரொம்பத்தான் கஷ்டப்படறா. செம்பூர்க்காராளை வரச்சொல்லி இன்னிக்கே எழுதிடறேன்.”