பேர் தெரியாமல் கை வைக்காதவர்

தணிகாசலம் போய்விட்டார் என்று மும்தாஜ் வந்து சொன்னபோது என் கை ஒரு பெரியவரின் வாய்க்குள் இருந்தது. பல்செட்டுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். அச்சு மாவு இறுகும்வரை அதை ஏந்திய தட்டை அசைக்கக் கூடாது. அசைத்தால் அச்சு போச்சு. எங்கள் கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் மும்தாஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, "சார் பூட்டாரு மேடம். வூட்ல காபி குடிச்சுகினு இருந்தாராம், அப்படியே சாஞ்சுட்டாராம்" என்று அழுகிறாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும். ஓட முடியாது. பெரியவர் வாயில் தட்டோடு என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். மாவு இறுகியது, தட்டை எடுத்தேன், அன்றைக்கு எழுந்தவள்தான். அதற்கப்புறம் ஓரிடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. இதைக்கூட எழுந்து எழுந்துதான் எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் பல்வலி கண்டவர்களுக்கு டாக்டர் தணிகாசலத்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஒரு பல்லையாவது கொடுத்திருப்பீர்கள். அச்சரப்பாக்கத்து விவசாயக் குடும்பம். எவ்வளவு படித்தும் பேச்சில் ஊரை விடவில்லை. கணவரின் கல்பாக்கம் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த என்னைத் தன் கிளினிக்கில் பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே வயசு. நான் வெடுக்கென்று பேசுகிறவள், அவர் நிதானி. "இன்னா மேடம், வெறும் வயித்துல வந்துட்டீங்களா? நாஸ்தா பண்ணிட்டு வந்து திட்டுங்க" என்பார். அந்த நிதானத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடும்.

எங்களுக்குள் பெரிய சண்டை என்றால் ஒன்றுதான்: நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் அவர் கொண்டுவந்து வைத்த கடல்நீர் மீன்தொட்டி. நாலு நாற்காலி போடுகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நெம்மேலிக் கடற்கரைக்குப் போய்க் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவருவார். தொட்டிக்குள் வைக்க, உயிர்கள் ஒட்டிய கல்லைக் கடலிலிருந்து பெயர்த்துத் தருகிறேன் என்று ஒருவன் வந்தபோது விரட்டிவிட்டார். "கடல் கிட்டயே திருடுறதா? வேணாம் மேடம்." சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் குழைத்துத் தானே கல் வார்த்து, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டு, அதில் உயிர் பிடிக்கட்டும் என்று காத்திருந்தார். கேளம்பாக்கத்து நண்பர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து ஒரு பழைய துண்டுக் கல் கொடுத்தார். அதை உள்ளே வைத்ததும் உயிர் பிடித்தது. விசிறி விரிக்கும் குழாய்ப் புழுக்கள் வந்தன. கூடவே வேண்டாததும் வந்தது.

முதலில் வந்தது பழுப்பு நிறத்தில் ஒன்று. சுண்டுவிரல் நகம் அளவு, உள்ளே தெரிகிற உடம்பு, வாயைச் சுற்றி மெல்லிய விரல்கள். பார்க்க என்னவோ அழகுதான். கடற்சாமந்தி வகை, மீன் வளர்ப்பவர்கள் ஐப்டேசியா என்பார்கள். பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிக் கொன்றுவிட்டுக் கல் முழுக்கப் பரவும் களை அது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. வேண்டாதது முளைத்தால் பல் டாக்டர் என்ன செய்வார்? பிடுங்குவார். கல்லை வெளியே எடுக்காமல், தண்ணீருக்குள்ளேயே குறடை விட்டுப் பிடித்து இழுத்து, பல் பிடுங்கிய குழியைச் சுரண்டுவதுபோல வேர்வரை சுரண்டி, திருப்தியாகக் கை கழுவினார். ஐயோ, அந்தக் கைதான் கெடுத்தது. பிய்ந்து மிதந்த ஒவ்வொரு துணுக்கும் ஒட்டிய இடத்தில் தனித்தனியாக முளைத்தது. குழாய்ப் புழுக்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

"சொத்தப் பல்லுன்னு நெனச்சுப் புடுங்கிட்டேன் மேடம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் ஈவிரக்கமில்லாமல் சிரித்தேன். ஊரெல்லாம் சொல்லியும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வேதம்: "மொதல்ல பேரு. அப்பால கை." கல்லில் எது முளைத்தாலும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார். பச்சை முத்துப்போல இருந்தால் குமிழ்ப்பாசி. உடைத்தால் பரவும், உடையாமல் அடியோடு திருகி எடுக்க வேண்டும். மயிர்போல அடர்ந்தால் தண்ணீரில் சத்து கூடிவிட்டது என்று அர்த்தம். மீனுக்கு இரையைக் குறைத்து, தண்ணீரை மாற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சாமந்திக்கு மருந்து எங்கள் அலமாரியிலேயே இருந்தது: வேர் சிகிச்சையில் பல்லுக்குள் வைக்கிற சுண்ணாம்புப் பசை. அதைக் கூழாக ஊசியில் எடுத்து, அது வாயைத் திறந்திருக்கும்போது வாயிலேயே வைக்க வேண்டும். லேசாகக் கை ஆடினாலும் அது சுருங்கிக் கல்லின் பொந்துக்குள் போய்விடும். "வாயத் தொறன்னா இவன் மட்டும் கேக்க மாட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக முடித்தார். மிஞ்சியிருந்த குழாய்ப் புழுக்கள் மறுபடி பெருகின.

நோயாளிகளிடமும் அதே வேதம்தான். திருப்போரூர் பஸ் டிரைவர் ஒருவர் ஈறில் சிவப்பாகத் தடித்திருந்ததைக் காட்டி, "இத்த வெட்டி வுடு டாக்டர், பேஜாரா கீது" என்று நாற்காலியில் குதித்தார். நானும் வெட்டிவிடலாம் என்றுதான் சொன்னேன். தணிகாசலம் அசையவில்லை. "அண்ணாத்த, பேரு தெரியாம நான் கத்தி எடுக்க மாட்டேன்." துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கெட்டது இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் மிச்சத்தைத் தொட்டார். முடிவு வரும்வரை டிரைவரை விட நான்தான் அதிகம் தவித்தேன்.

அவர் போவதற்கு முந்தைய சனிக்கிழமை, கல்லின் ஓரத்தில் கடுகளவு புது முளை ஒன்றைக் காட்டினார். "இது இன்னான்னு தெர்ல மேடம். நம்ம பழைய ஆளாவும் இருக்கலாம், குழாப்புழுக் குஞ்சாவும் இருக்கலாம். கை வைக்காதீங்க. திங்கக்கெழம சோறு போட்டுப் பாப்போம்." அது அவர் கண்டுபிடித்த வழி. துளி இறால் சதையைக் கிட்டே கொண்டுபோனால், குழாய்ப் புழு மிரண்டு உள்ளே போய்விடும். சாமந்தி விரல்களால் பிடித்து விழுங்கும். "சோறு போட்டாத் தெரியும் யாருன்னு" என்பார். அந்தத் திங்கட்கிழமை காலைதான் காபியோடு சாய்ந்துவிட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து அவர் மனைவி மல்லிகா கிளினிக்குக்கு வந்தார். தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. "என்னால இத்தப் பாக்க முடியல மேடம். நீங்களே வெச்சுக்கங்க. சாவ மட்டும் வுட்றாதீங்க." சரி என்று சொல்லிவிட்டேன். நாற்காலிக்கு இடமில்லை என்று கத்திய வாய்தான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் தொட்டிக்கு ஓடுவேன். முளை வளர்ந்துகொண்டே வந்தது. சாமந்தியாக இருந்தால் விட்டுவைக்க முடியாது. விட்டால் தொட்டி காலி, மல்லிகாவுக்குக் கொடுத்த வாக்கும் காலி. ஆனால் அவர் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த உயிர் அது. அதையா நான் கொல்வது? குழாய்ப் புழுவாக இருக்கட்டும் என்று அந்தத் திருப்போரூர் முருகனைக்கூட வேண்டினேன். இறாலைப் போட்டால் தெரிந்துவிடும் என்பதாலேயே போடாமல் இருந்தேன். "இன்னா மேடம், இத்தயே பாத்துகினு கீறீங்க. சாரா இருந்தா எப்பவோ போட்டுப் பாத்திருப்பாரு" என்றாள் மும்தாஜ். "உன் வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் பக்கத்திலிருந்த குழாய்ப் புழுவின் விசிறி பாதி சுருங்கிக் கிடந்தது.

இறால் துண்டை இடுக்கியில் பிடித்துக் கிட்டே கொண்டுபோனேன். விரல்கள் பிடித்தன. மடங்கின. விழுங்கியது. "சனியனே, நீதானா!" என்று கத்திவிட்டேன். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போய் அழுதேன். தணிகாசலத்துக்காக அப்போதுதான் முதல்முறையாக அழுதேன்.

மறுநாள் கதவு திறப்பதற்கு முன் பசையைக் கரைத்தேன். ஊசியை உள்ளே விட்டதும் அது பொந்துக்குள் போய்விட்டது. மறுபடியும் விட்டேன், மறுபடியும் போனது. ஆடியது என் கைதான். உங்களில் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதாவது வைத்திருப்பீர்கள், ஒரு நல்ல பல்லோ ஒரு கேலியோ. என்னிடம் இருப்பது அவசரத்தில் எதையும் தொடவிடாத அந்த வேதம்: மொதல்ல பேரு, அப்பால கை. அச்சுத் தட்டைப் பிடித்ததுபோலக் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போனதிலிருந்து ஓரிடத்தில் நிற்காத கால்களும் நின்றன. மெல்ல மெல்ல அது வெளியே வந்து வாயைத் திறந்தது.

ஐப்டேசியா என்று அதன் பேரைச் சத்தமாகச் சொன்னேன். அதற்கப்புறம்தான் ஊசியை அழுத்தினேன்.