எலுமிச்சம்பழத்துக்கு விழுந்த வெட்டு

தகடு வெட்டும் மெஷினின் கத்தி இறங்கும்போது ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும். அன்றைக்கு அதோடு ஒரு மனுஷனின் அலறலும் கேட்டது. மைசூரில் நான் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்த பட்டறையில், ஆயுத பூஜை அன்று, எலுமிச்சம்பழத்தோடு சேர்ந்து இரண்டு விரல்களும் துண்டாகி விழுந்தன. மெஷினுக்குப் பூசிய விபூதியின் மேல் ரத்தம் தெறித்தது. எத்தனை வருஷமானாலும் அந்தச் சிவப்பு என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மெஷினை ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். ராமாபுரத்துக்காரர். மாமா என்று கூப்பிடுவேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் பெடலை மிதித்தால் பழைய கணினி ஒன்று கத்தியை இறக்கும். பூஜை முடிந்ததும் முதல் வெட்டு எலுமிச்சம்பழத்துக்கு என்பது எங்கள் பட்டறை வழக்கம். பழத்தை வைத்தவர் மாமாவோடு ஒன்றாக வளர்ந்த சிநேகிதர். அவர் கையை எடுப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது.

முதலாளி பாய்ந்து வந்து மாமாவை அறைந்தார். "கண்ணு காணல்வா நினகெ?" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே இரும்பு ஸ்கேலால் முதுகில் விளாசினார். மாமா தடுக்கவே இல்லை. "நாந்தானுங்க மிதிச்சிருப்பேன், நாந்தானுங்க" என்று அடிக்கு அடி சொன்னார்.

அவர் மிதிக்கவில்லை. எனக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. பூஜைக்குக் கணினியிலிருந்தே பாட்டு வரவேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். நான் பெரிய மேதாவி, முந்தின நாள் ஒரு பழைய சவுண்டு கார்டைச் செருகி, மெஷினை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கணினியில் ஒவ்வொரு கார்டும் தனக்கென்று ஓர் எண்ணில்தான் கணினியைக் கூப்பிடும். சவுண்டு கார்டின் எண் ஐந்து. பெடலை இணைத்திருந்த கார்டின் எண்ணும் ஐந்து. கூப்பிட்டது யார் என்று அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்குத் தெரியாது. பழம் வைக்கும் நேரத்தில் நான் பாட்டைத் தட்டினேன். யாரோ பெடலை மிதித்ததாக நினைத்து அது கத்தியை இறக்கிவிட்டது.

ஆளில்லாத நேரத்தில் மறுபடி பாட்டைப் போட்டேன். சும்மா நின்ற கத்தி தடாலென்று இறங்கியது. சவுண்டு கார்டின் எண்ணை ஏழாக மாற்றினேன். அவ்வளவுதான் ரிப்பேர். வாயைத் திறக்கவில்லை. கோழைப் பயல் நான், வேறென்ன சொல்ல?

மாமா வேலையை விட்டார். குடித்துவிட்டு வந்தால் தன் வலது காலைச் சுத்தியல் பிடியால் அடித்துக்கொள்வார். தடுக்கப்போன அக்காவுக்கும் விழும். ஒருமுறை அக்காவின் மண்டை உடைந்து, நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்போதும் சொல்லவில்லை.

போன மாதம்தான் சொன்னேன். மாமா இப்போது மைசூர் விஜயநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி முழுதும் கேட்டார். "அப்போ என்ற காலு மிதிக்கவே இல்லியா, மாப்ளே?" என்று மூன்று தரம் கேட்டார். இல்லை மாமா என்றேன். எழுந்து ஓங்கி ஓர் அறை விட்டார். வாயில் ரத்தம் கரித்தது. இன்னும் நாலு போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவங்கிட்டச் சொன்னியாடா?" என்றார் மாமா.

விரல் போனவர் ராமாபுரத்தில்தான் இருக்கிறார். மாமாவைக் கண்டால் காறித் துப்புவார். அதனாலேயே மாமா சொந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அந்த மனுஷனிடம் சொல்லவேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கக்கேடு.

"நட. என்ற முன்னால நீயே சொல்லோணும்" என்று மாமா என் சட்டைக் காலரைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்.

எங்களைக் கண்டதும் விரல் போனவர் தன் வீட்டு வாசலிலேயே காறித் துப்பினார். மாமா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்துக்கொண்டே என்னை முன்னால் தள்ளினார்.

"சொல்லுடா" என்றார்.