மட்டுறுத்துநர் றோஸ்மேரி

முல்லைத்தீவுக் கரையில் உள்ள அந்த மீன்பிடி ஊரில் பிறந்தவர்களில் பாதிப்பேர் இப்போது வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் றோஸ்மேரியை நேரில் கண்டதில்லை. ஆனால் ஊர்க் குழுமத்துக்கு எழுதும் எந்த மின்னஞ்சலும் அவள் பார்த்து விட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழுமத்தைத் தொடங்கியவர் நோர்வேயில் இருந்த மரியநேசன். சமாதான காலத்தில் ஊர் பார்க்க வந்தவர், ஊரிலிருந்து போய்க் கிளிநொச்சியில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த றோஸ்மேரியைத் தேடிப் போனார். பொதுவாக ஒரு முகவரி இருக்கும், அதற்கு ஒருவர் எழுதினால் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று விளக்கினார்.

"ஊரில இருந்து எழுத ஒருத்தர் வேணும் பிள்ளை. நாங்கள் வெளியில இருந்து எங்களுக்குள்ளயே கதைச்சு என்ன வரப்போகுது?"

அவளும் ஓம் என்றாள். பெருநாள் கொடியேற்றம், யார் வீட்டில் கலியாணம், இறால் நன்றாகப் படுகிறதா என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினாள். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் மட்டும் செத்தவர்களின் பெயர்களை எழுதினாள். அதுதான் ஆகப் பெரிய துயரம், இனி இப்படி எழுத வேண்டி வராது என்று அப்போது நினைத்தாள்.

பிறகு சண்டை வந்தது. கிளிநொச்சியை விட்டு எல்லோரும் கிழக்கே நகர்ந்தபோது அவளும் தாயோடு நகர்ந்தாள். உடையார்கட்டு வரை ஒரு கணினியையும் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அங்கே ஒரு பூவரச மரத்தின் கீழ் அதை இறக்கி வைத்தவர்கள், அடுத்த முறை வெளிக்கிடும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து, அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு, வவுனியாவில் சித்தி வீட்டில் இருந்தார்கள். கடைத்தெருவில் ஜெமீல் என்பவர் நான்கு கணினிகளை வைத்து இன்டர்நெட் கடை நடத்தினார். றோஸ்மேரி அங்கே போய், ஒரு வருடமாகத் திறக்காத தன் மின்னஞ்சலைத் திறந்தாள். எல்லாம் குழுமத்துக் கடிதங்கள். என் அண்ணனைக் கண்டீர்களா, என் பெறாமகள் எந்த முகாமில், யாருக்காவது தெரியுமா என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். பதில் சொல்லக்கூடிய இடத்தில் இருந்த எவரிடமும் கணினி இருக்கவில்லை.

நடுவில் ஒரு கடிதத்தில் தன் பெயரைக் கண்டாள். றோஸ்மேரி செல் குண்டு பட்டுச் செத்துவிட்டாள் என்று யாரோ கேள்விப்பட்டு எழுதியிருந்தார்கள். அதன் கீழே அனுதாபங்கள். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்றிருந்தது. பாரிசில் அவளுக்காகப் பூசை கொடுத்திருந்தார்கள். அவள் அழவில்லை. மற்றவர்களுக்கு வந்த அனுதாபங்களை வாசிப்பது போலவே அதையும் வாசித்து முடித்தாள்.

ஜெமீல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "எந்த ஊர் தங்கச்சி?"

சொன்னாள்.

"நாங்களும் முல்லைத்தீவுதான். தொண்ணூறில முஸ்லிம் ஆக்களைப் போகச் சொன்ன நேரம் வெளிக்கிட்டு வந்தது" என்றவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். "இருந்து எழுதுங்கோ. கடை பூட்டும் வரைக்கும் உங்களை ஒருத்தரும் எழுப்பமாட்டினம்."

'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று குழுமத்துக்கு எழுதினாள். அடுத்த நாள் போனபோது பெட்டி நிரம்பியிருந்தது. சந்தோசம் என்று ஒரு வரி, அதன் பிறகு எல்லோருக்கும் ஒரு கேள்வி. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதினாள். செத்தவர்களைப் பற்றி அந்தந்த வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாக எழுதினாள்.

கனடாவில் இருந்த வின்சன் தன் தாயைக் கேட்டிருந்தார். அந்த அம்மா மாத்தளனில் செத்தபோது றோஸ்மேரி பக்கத்துப் பங்கரில் இருந்தவள். மூடின துணி, மண் போட்டவர்கள், சொன்ன செபம் எல்லாவற்றையும் நீளமாக எழுதி, பதில் என்ற பொத்தானை அழுத்தினாள். வின்சனின் தனி முகவரியை மேலே போட அன்று மறந்துவிட்டாள். குழுமத்தில் பதில் என்று அழுத்தினால் அது எல்லோருக்கும் போகும்.

வின்சன் அப்போது தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். அவருடைய மனைவி கிருசாந்தி கதவைத் திறந்தபோது, அயலில் இருந்த ஊர்க்காரர் மூன்று குடும்பம் கறுப்பு உடுப்போடு நின்றார்களாம். இரண்டு நாள் கழித்து வின்சன் ஒரு வரி எழுதினார்: "ஊர் முழுக்க வாசிச்ச பிறகுதான் என்ர அம்மா செத்ததை நான் வாசிச்சனான், தங்கச்சி."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் றோஸ்மேரி மரியநேசனிடம் கேட்டுக் குழுமத்தை மாற்றினாள். யார் எழுதினாலும் முதலில் அவளிடம் நிற்கும். இறப்பு அறிவித்தல் வந்தால், செத்தவரின் மிக நெருங்கின உறவுக்குத் தெரியுமா என்று விசாரித்த பிறகுதான் விடுவாள். தெரியாவிட்டால் அவளே ரெலிபோன் எடுத்துச் சொல்லுவாள்.

ஊர் திரும்பினார்கள். றொமேசைக் கலியாணம் கட்டினாள். அவன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனான். அவள் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் வேலை எடுத்தாள். குழுமம் கூடவே வந்தது. கோயில் கூரை பற்றின சண்டைகளை நிறுத்தி வைத்தாள், ஏன் நிறுத்தினாய் என்று இரண்டு பக்கமும் ஏசினார்கள். வெளிநாட்டில் ஊர்க்காரர் வயதுபோய் ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஒரு சாவு வந்தால் லண்டனுக்கும் சுவிசுக்கும் கதைத்துவிட்டுத்தான் அவள் உலையை வைப்பாள். தெரியாத ஒருவருக்கு அந்தச் செய்தியை எப்படிச் சொல்லத் தொடங்குவது என்பது அவளுக்குப் பழகிவிட்டது. அழுகை ஓயும் வரை ரெலிபோனைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பழகவில்லை.

"உனக்கு ஆர் இந்த வேலையைத் தந்தது?" என்று றொமேஸ் ஒருநாள் கேட்டான்.

"ஒருத்தரும் தரேல்ல. நான்தான் எடுத்தனான்."

போன வருடம் மாசியில் ஒரு அறிவித்தல் வந்து நின்றது. ஜேர்மனியில் ஒரு முதியவர் காலமாகிவிட்டார். அவருடைய தங்கை ராஜினி பிரான்சில் இருக்கிறா, இருதய வருத்தக்காரி. அவாவுக்கு எப்படிச் சொல்வதென்று றோஸ்மேரி காலை முழுக்க யோசித்தாள். ராஜினியின் மகளுடைய ரெலிபோன் இலக்கத்தைத் தேடி எடுத்து, தாயின் பக்கத்தில் இருக்கச் சொல்லி, பிறகுதான் கதைத்தாள்.

"ராஜினியக்கா, கொஞ்சம் இருந்துகொண்டு கேளுங்கோ..."

"அண்ணையின்ர விசயமோ? அது நேற்றே வாட்ஸப்பில வந்திட்டுது பிள்ளை. பூவெல்லாம் வைச்சுப் படம் போட்டவை. நான் மாக்கற்றில நிக்கேக்க பார்த்தனான்." அவாவின் குரல் களைத்திருந்தது. "நீ இன்னும் அந்த ஈமெயில் எல்லாம் பார்க்கிறியே?"

"ஓம் அக்கா."

"பாவம் நீ" என்றா ராஜினி.

கந்தோரில் வந்திருந்து பழைய அறிவித்தல்களைப் பின்னோக்கிப் பார்த்தாள். கடைசியாக எப்போது அவள் சொல்லித்தான் ஒருவர் அறிந்தார் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. எத்தனை பேர் முன்னமே தெரிந்துகொண்டு, அவள் மனம் நோகக்கூடாதென்று அவளுக்காக ஒருமுறை அழுதிருப்பார்கள் என்று தோன்றியதும், கதிரையில் சாய்ந்துகொண்டாள்.

இந்த வேலையை வேறு யாராவது எடுங்கள் என்று குழுமத்துக்கு எழுதினாள். நன்றி என்று நிறையக் கடிதங்கள் வந்தன. உன் சேவையை ஊர் மறக்காது என்றார்கள். எடுக்கிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. அந்த நன்றிகளையும் ஒவ்வொன்றாக அவள்தான் விட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விட்டு முடித்து, எவர் எழுதினாலும் நேரே போகும்படி மாற்றினாள். பிறகு மட்டுறுத்துநர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை எடுத்தாள், சேர்ந்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்தாள்.

அடுத்த கிழமையே குழுமத்தில் கோயில் கூரைச் சண்டை மறுபடி மூண்டது. மரியநேசன் நோர்வேயிலிருந்து ரெலிபோன் எடுத்தார். வயதான குரல். "என்ன பிள்ளை, இப்பிடி எழுதுறாங்கள்? நீ பார்க்கேல்லையோ?"

"பார்க்கேல்ல அண்ணை. எனக்கு இப்ப வாறேல்ல."

"களைச்சுப்போனாய் என்ன?"

"ஓம் அண்ணை."

"சரி" என்றார். "நானும் குழுமத்தை விட்டிடுறன்."

வெளியே ஐஸ் லொறி வந்து நின்று கோர்ன் அடித்தது. "பிறகு கதைக்கிறன் அண்ணை" என்று வைத்துவிட்டு, ஐஸ் அறைத் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.