ஆட்டிடம் காட்டிய இரண்டு இலைகள்

எங்கள் வீட்டில் அந்த இரண்டு செடிக்கும் ஒரே பெயர்தான். ஆடுதீண்டாப்பாளை. ஒன்று உப்பளத்துக்குப் போகிற வழியில் தரையோடு படர்ந்து கிடக்கும். வட்டமான இலை, சாம்பல் பூசின மாதிரி ஒரு நிறம். பூ கருஞ்சிவப்பில் இருக்கும். இன்னொன்று வேலிமேல் ஏறிப் போகிற கொடி. அதற்கு நீள இலை, நடுவில் இடுப்பு பிடித்த மாதிரி கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். இரண்டிலும் காய் காய்ந்து வெடித்தால் குட்டி உறி தொங்குகிற மாதிரி ஆகிவிடும். காயை மட்டும் பார்த்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் வித்தியாசம் தெரிந்துகொண்டது ஒரு புழுவால். கறுப்பு உடம்பு, மேலெல்லாம் சிவப்பு முள். ஊறுகாய் பாட்டிலில் போட்டு வளர்ப்பேன். அது இரண்டு இலையையும் தின்னும். ஆனால் கொடி இலை மறுநாள் வரைக்கும் வாடாது, தரை இலை சாயந்திரமே சுருண்டுவிடும். அதனால் பார்த்துப் பார்த்துப் பறிப்பேன். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்து வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அது ஒன்றுதான்.

கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். அளத்தில் சேறு அடைத்துக்கிடந்ததை வாரிப் போட்டு, அந்தக் கோடையில்தான் மறுபடி உப்பு விளைய ஆரம்பித்திருந்தது. அண்ணன் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு அளத்துக்குப் போனான். ஒரு நாள் மழை வருகிற மாதிரி மேகம் கூடியிருந்தது. உப்புக் குவியலை மூட வரப்பில் பனையோலைக் கட்டு போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தூக்கியபோது உள்ளே சுருண்டிருந்த சுருட்டைப் பாம்பு அவன் கையில் கடித்துவிட்டது.

அண்ணன் நடந்தேதான் வீட்டுக்கு வந்தான். அழவில்லை. "தம்மாத்தூண்டு பாம்புமா. ஓலையவிட சின்னதா இருக்குது" என்று அம்மாவிடம் சிரித்தான். கை மட்டும் மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

அம்மா உடனே சொன்னாள்: "வண்டியக் கூப்புடுங்க. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "இரும்மா. அம்மாந்தூரம் வெறும் வயித்தோட இட்டுனு போயி, வழியில ஏதாவது ஆச்சின்னா? மொதல்ல மருந்து உள்ள போவட்டும், அப்பறம் வண்டிய வச்சிக்கலாம்."

அது எல்லாருக்கும் சரி என்று பட்டது. பாம்புக்கடிக்கு எங்கள் ஊரில் ஆடுதீண்டாப்பாளைதான் மருந்து, அதைப் பறிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். நான் ஓடிப்போய் வேலியிலிருந்து கொடியைப் பறித்துக்கொண்டு வந்தேன், கிட்டத்தில் இருந்தது அதுதான்.

பெரியப்பா பார்த்தார். "இது இல்ல. தரையில படருமே, அதுதான் பாம்புக்கு."

கிளியனூரிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, விடவில்லை. "இதுதான் மாமா ஈஸ்வரமூலி. எங்க ஊர்ல பாம்பு கடிச்சா இதைத்தான் குடுப்பாங்க. தரையில கெடக்கறது மாட்டுப் புண்ணுக்குப் போடறது."

"மச்சான், நீ நெல்லு நட்டவன். உப்பளத்துப் பாம்பப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"பாம்புக்கு உப்பளம் இன்னா, கழனி இன்னா?"

நான் மறுபடி ஓடி, தரைச்செடியும் பறித்து வந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவாகவில்லை. அப்போது பெரியப்பாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "பேரே ஆடு தீண்டாததுன்னு வச்சிக்கினு, நாம எதுக்கு அடிச்சிக்கணும்? ஆட்டையே கேட்டுடலாம்."

எதிர்வீட்டு ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தரை இலையைக் காட்டியதும் மூக்கைச் சுளித்துத் திருப்பிக்கொண்டது. கொடி இலையைக் காட்டினார்கள். அதற்கும் திருப்பிக்கொண்டது. பிறகு பெரியப்பாவின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து மெல்ல ஆரம்பித்தது.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அண்ணன்தான். "பெரிப்பா, துண்டையே அரைச்சிக் குடுத்துடுங்க!"

இன்னொரு ஆட்டைத் தேடிப் பிடித்து வர நேரமானது. அது தரை இலையைத் தொடவே இல்லை. கொடி இலையில் ஒரு வாய் கடித்து, துப்பாமல் நின்றது.

"பாத்தியா மச்சான்?" என்றார் பெரியப்பா.

"இது உங்க ஊரு ஆடு மாமா, எதையும் துன்னும். கிளியனூர் ஆடு இதைத் தொடாது."

அப்பா அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் முழங்கைக்கு ஏறியிருந்தது. "தரையில படர்றதையே குடுங்க" என்றார். அம்மா மறுபடி வண்டி என்றாள். அவள் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

"பாப்பா, உனக்குத்தான் தெரியும். இன்னும் ரெண்டு கை பறிச்சினு வா. அதையும் இதையும் கலந்துடாத" என்றார் அப்பா. "ஓடு டாக்டரு" என்றான் அண்ணன். நான் பறந்தேன். அவ்வளவு பெரியவர்கள் என் கையை எதிர்பார்த்து நிற்பது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துப் பறித்தேன்.

அண்ணன் மென்றான். கசப்பில் முகம் கோணியது. கொஞ்ச நேரத்தில் அவன் எச்சிலைத் துப்பினபோது அது சிவப்பாக இருந்தது. பல்லிடுக்கிலும் சிவப்பு.

"விஷம் எறங்குது" என்றார் பெரியப்பா. முகத்தில் நிம்மதி. மாமாகூடத் தலையை ஆட்டினார். நான் தெருவில் ஓடி வீடு வீடாகச் சொன்னேன், அண்ணனுக்கு விஷம் இறங்குது, நான் பறிச்ச இலை என்று.

சாயந்திரம் வாந்தியிலும் ரத்தம் வந்த பிறகுதான் வண்டி வந்தது. அம்மாவும் அப்பாவும் பெரியப்பாவும் கூடப் போனார்கள். என்னை மாமாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த விஷத்துக்கு இந்த இலையும் ஆகாது, அந்த இலையும் ஆகாது. ஊசி ஒன்றுதான் மருந்து, அதுவும் சீக்கிரம் போட வேண்டும். பல்லிடுக்கில் வந்த ரத்தம் விஷம் ஏறுகிறதன் அடையாளம். இது எனக்குத் தெரிய வருஷங்கள் ஆயின. இப்போது நானும் அளத்தில்தான் உப்பு வாருகிறேன். யாரையாவது பாம்பு கடித்தால் முதலில் நான்தான் வண்டிக்குக் கத்துகிறேன். பெரியப்பாமீது கோபப்பட்டுப் பார்த்தேன், மாமாமீதும். முடியவில்லை. இரண்டு பேரும் அவனைக் காப்பாற்றத்தான் சண்டை போட்டார்கள். அவனுக்கு இருந்த நேரமெல்லாம் அந்தச் சண்டையிலேயே தீர்ந்துபோனது.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் நான் காலையில் போய் இலை பறித்தேன். அண்ணன் வந்ததும் தேவைப்படும் என்று நினைத்தேன். வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், பழசானதைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் பறித்தேன்.

ஒரு மத்தியானம் வண்டி தெருமுனையில் திரும்பியது. நான் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பா முதலில் இறங்கினார்.

"அப்பா, தரையில படர்றதுதான். ஒரு கொடி எல கூடக் கலக்கல. நல்லா பாத்துட்டேன்."

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அண்ணன் உள்ளே போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். இலை வாடிவிடும், சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்று நான் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அப்படியே நின்றார். அன்றைக்கு யாருமே ஏன் அவசரப்படவில்லை என்று எனக்குப் புரியவில்லை.