பீரோவுக்குப் பின்னால் ஒளித்த வைஃபை

என் கணவர் துபாயில் வேலை பார்த்தார். ஞாயிறுதோறும் எங்கள் திண்டுக்கல் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம். குரல் வரும், படம் மங்கி மங்கி நின்றுவிடும். காரணம் எனக்கு மட்டுமே தெரியும். கதிர்வீச்சு கைக்குழந்தையைப் பாதிக்குமோ என்று பயந்து, வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைத்திருந்தேன். சொல்லிவிடலாமா என்று தினமும் நினைப்பேன், சொல்ல மாட்டேன்.

ஒரு ஞாயிறு அவர், “கம்ப்யூட்டர் பழசாயிருச்சு. இந்த வருசம் ஊருக்கு வரல. அந்தக் காசுல புதுசு வாங்கிரு,” என்றார்.

“ஐயோ, வேண்டாங்க!” என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“கூறுகெட்டவளே! பயமாயிருக்குன்னு சொன்னா கடிச்சா தின்னுருவேன்?” என்று சிரித்தார்.

பெட்டியை எடுத்து பீரோவின் மேல் வைத்தேன். படம் தெளிந்தது. அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று அன்றுதான் பார்த்தேன். குழந்தைக்காக அத்தனை பயந்தவள், அவருக்காக ஒரு நாளும் பயந்ததில்லை.