கட்டிலில் ஒரு கண்டக்டர்

ஒன்பது வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றவளுக்குப் படுத்தால் தலை சுற்றியது. நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, குளியலறைக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஏழு வாரம் ஆகிறது. போன பிள்ளை ஆறாம் மாதமே தங்காமல் போய்விட்டது. இதற்கு எட்டு நடக்கிறது. அதனால் கண்டக்டரம்மா காலை முடக்கிக்கொண்டு கிடந்தாள். வாயை முடக்கச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை.

தெருமுனையில் பஸ் திரும்பினால் போதும்.

"ஆறு பத்து வண்டி. நாலு நிமிஷம் லேட்டு. புதுசா வந்தவன் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு தூங்குறான்."

"அண்ணி, இங்க யாருக்கும் டிக்கெட் வேணாம். பேசாம படுங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

மிச்சம் இருப்பது கணவன். அவள் வண்டிக்கு டிரைவர். இப்போது லீவில் இருந்தான். இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காது பாதி போயிருந்தது. "ஏங்க" என்று எட்டுத் தரம் கூப்பிட்டாலும் விழாது. விசில் விழும். ஆகவே தலையணைக்கடியில் விசில். ஒன்று அடித்தால் தண்ணீர், இரண்டு அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒன்று கேட்டதும் அவன் இருந்த இடத்திலேயே நின்றான். இரண்டு கேட்டதும் கிளம்பினான். ஒரு நாள் கடைத்தெரு வரை போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தான்.

அன்று காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. தூங்குகிறது என்று தனக்கே சமாதானம் சொன்னாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். பதினொரு மணிக்கும் அசைவில்லை. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. வாசலில் அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு விசில் அடித்தாள். செருப்புச் சத்தம் நின்றது. ஆள் வரவில்லை. இன்னொன்று அடித்தால் போயே போய்விடுவான். ஒரு காலைத் தரையில் வைத்தாள். சில்லென்றது. மேலே இழுத்துக்கொண்டாள்.

பிறகு, டிப்போவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஊதுவாளே, அப்படிக் குட்டிக் குட்டியாக விடாமல் ஊதினாள்.

வந்தான். பின்பக்கமாக வந்தான். தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, கதவு நிலையில் உரசாமல், கட்டிலுக்கு ஒரு சாண் தூரம் வரை. பழக்கத்தில் ஒரு விசில் கொடுத்தாள். நின்றான்.

"இந்தப் பக்கம் திரும்புங்க. குழந்தை அசையல."

திரும்பினான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"அதுக்கு விசில் ஊதிட்டா இருப்ப?"

"வேற எது கேக்குது உங்களுக்கு?"

அவன் சமையலறைக்கு ஓடிப் போனை எடுத்தான். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் பட்டை கட்டினார்கள். நர்ஸ் அதை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது அந்தப் பாதிக் காதுக்குத்தான் முதலில் கேட்டது.

"ஓடுது. இஞ்சின் ஓடுது" என்றான்.

பிறகு எல்லோருக்கும் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் அஞ்சு வாரம் இழுத்துப் பிடிங்க" என்றாள் நர்ஸ்.

கண்டக்டரம்மா வயிற்றில் கை வைத்தாள். "கேட்டுச்சா? ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடி யாரும் படிக்கட்டுக்கு வரக் கூடாது."

உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. உடனே இன்னொன்று.

"ரெண்டு" என்றாள்.

டிரைவர் எழுந்தான்.

"நீங்க எங்க கிளம்புறீங்க? ஒக்காருங்க."