ஜன்னலில் நின்ற திருத்தந்தையும் என் நடுங்கும் கையும்

2005 மார்ச் 20, குருத்து ஞாயிறு, காலை 7.10. காற்றே இல்லை. கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். அந்த நிமிடத்தில்தான் என் பங்கு ஆலயத்தில் என்னைக் குடிகாரன் என்று சொன்னார்கள்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்போது வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு ஆண்டுகளாக ஆலயத்தில் பூசையில் வேதம் படிக்கும் வாசகர். இத்தனை ஆண்டில் தவறவிட்ட ஞாயிறுகள் இரண்டே. அம்மா இறந்தபோது ஒன்று, டைபாய்டு வந்தபோது ஒன்று.

அன்று ஆண்டவருடைய திருப்பாடுகளை மூன்று பேர் வாசித்தோம். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். ஐந்து மாதமாகவே வலது கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று அது அடங்கவில்லை. தாள் மைக்கில் உரசி, நான்கு ஒலிபெருக்கியிலும் சடசடவென்று சத்தம். பின்வரிசையில் சிரித்தார்கள்.

பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலர் அருளப்பன் என்னைத் தூணோரம் அழைத்தார். என்னைவிட இருபது வயது இளையவர். எங்கள் ஊரில் ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ‘முசே’தான்.

“முசே, இன்னா இது? பெரிய வாரத்துல கூடவா? காலைலயே போட்டுட்டு வந்தா எப்படி?”

“நான் தொட்டதே இல்லப்பா” என்றேன்.

“குடிக்கிறவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ரெஸ்ட் எடுங்க முசே. லிஸ்ட்ல வேற ஆளப் போட்டுக்கிறோம்.”

இந்த ஊரில் கை நடுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் வீட்டிலிருந்து ஆலய வாசல் வரை ஏழு மதுக்கடைகள். எண்ணியிருக்கிறேன். ஏழில் ஒன்றின் படியைக்கூட மிதித்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கு இந்தப் பெயர்!

அந்த வாரம் முழுவதும் நான் செய்தது ஜெபம் அல்ல, சண்டை. “ஆண்டவரே, ஒன்று இந்தக் கையை நிறுத்தும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்” என்றேன். இரண்டும் நடக்கவில்லை. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்ப்புப் பெருவிழா மூன்றுக்கும் நான் போகவில்லை. என் மனைவி தெரேஸ் தனியாகப் போய் வந்தாள்.

உயிர்ப்பு ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொலைக்காட்சியில் ரோமாபுரியைக் காட்டினார்கள். திருத்தந்தை ஜன்னலில் வந்து நின்றார். பல ஆண்டுகளாக நடுக்க நோயால் வாடியவர். தொண்டையில் அறுவை சிகிச்சை வேறு. கையில் தாள் ஆடியது. மைக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாயைத் திறந்தார், கரகரவென்று மூச்சுதான் வந்தது. பேச்சு வரவில்லை. கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் மட்டும் வரைந்தார். கீழே கூட்டம் அழுதது.

எனக்குக் கோபம்தான் வந்தது. “முடியாத மனுஷன இப்படி ஊர் உலகத்துக்கு முன்னால நிறுத்தணுமா?” என்று கத்தினேன்.

தெரேஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவரா வந்து நிக்கிறாருங்க. நீங்கதான் மூணு நாளா கட்டிலுக்கு அடில ஒளிஞ்சிக்கினு கெடக்குறீங்க.”

சுருக்கென்றது. உலகமே பார்க்க அவர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். நானோ நானூறு பேருக்குப் பயந்து வீட்டில் கிடக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நரம்பு மருத்துவரிடம் போனேன். திருத்தந்தைக்கு இருந்த அதே நோய், ஆரம்ப நிலை என்றார். மாத்திரை எழுதினார். நான் குடிப்பவன் அல்ல என்று ஒரு சான்றிதழும் கேட்டேன். “இந்த மாதிரி சர்ட்டிபிகேட் யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல சார்” என்று சிரித்தபடி, நோயின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அறுபது நகல் எடுத்தேன். ஆலயத்தில் வரிசைக்கு இரண்டாக வைப்பது என் திட்டம்.

ஏப்ரல் 3, ஞாயிறு காலை துக்க மணி அடித்தது. திருத்தந்தை இறந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரிடமே கேட்டேன்: “பரிசுத்த பிதாவே, என் கை நிற்க வேண்டாம். எனக்காகப் பேச ஒரு ஆளை மட்டும் அனுப்பும்.”

அவரை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஆலயத்தில் நினைவுத் திருப்பலி. அறுபது நகலோடு போனேன். வாசலிலேயே அருளப்பன் மறித்து ஒன்றை வாங்கிப் படித்தார்.

“காசு குடுத்தா சர்ட்டிபிகேட் கெடைக்காதா முசே?”

பின்பக்கப் படியிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏன்யா, உனக்கு மூக்கு இல்லியா?”

செல்வமேரி. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துவிட்டு ஞாயிறு பூசைக்குத் தாமதமாக வந்து, கூடையை வெளியே வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்காருவாள். அவள்மேல் வீசும் மீன் நாற்றத்தைப் பற்றிப் பங்குச் சாமியாரிடம் மூன்று முறை புகார் சொன்னவன் நான்.

“எம் புருசன் குடிச்சே செத்தான். இருவத்திரண்டு வருசம் அவன் கையப் பாத்தவ நானு. குடிக்கிறவன் கை காலைல ஆடும், உள்ள ஊத்துனா நின்னுடும். இவுரு கை காலைலயும் ஆடுது, சாயந்தரமும் ஆடுது. பின்னால குந்திக்கினு எனக்கு வேற இன்னா வேல, எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருக்கேன். என் நாத்தம் இந்தப் பெருசுக்கு ஆவாது. ஆனா அவுரு வாயில சாராய நாத்தம் ஒரு நாளும் இல்ல. மீன்காரி மூக்கு பொய் சொல்லாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இம்முறை என்னைப் பார்த்து அல்ல. அருளப்பன் நகலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு வெளியே வந்த பங்குச் சாமியார் என் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். “முதல் வாசகம் நீங்களே படிங்க முசே” என்றார்.

படித்தேன். இரண்டு கையையும் வாசக மேடையின் கட்டையில் ஊன்றிக்கொண்டேன். ஒன்பது வசனம். விரல் ஆடியது, குரல் ஆடவில்லை.

சகோதர சகோதரிகளே, இது நடந்து மூன்று ஆண்டாகிறது. என் கை இன்றும் ஆடுகிறது, முன்பைவிடக் கூடுதலாகவே. மாதம் இரண்டு ஞாயிறு வாசிக்கிறேன். அருளப்பன் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பதினான்கு மாதம் எண்ணிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஒரு மனிதனை விசாரிக்காமல் பெயர் வைப்பது பாவம் என்று இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல். நானும் செல்வமேரியை விசாரித்ததில்லை.

திருத்தந்தையிடம் கேட்டேன், ஐந்தாம் நாள் ஆள் வந்தது. நீங்களும் கேளுங்கள், நிச்சயம் வரும். யார் வழியாக வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள்.

மருத்துவருக்கு நூற்றைம்பது ரூபாய், நகலுக்கு அறுபது. அந்த இருநூற்றுப் பத்தும் வீண்தான். அந்த நினைவுத் திருப்பலிக்கு அடுத்த திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் முதல் முறையாகச் செல்வமேரியின் கடையில் நின்றேன். அரைக் கிலோ சங்கரா நிறுத்துப் போட்டு, “நாப்பது ரூபா முசே” என்றாள். நான் பேரம் பேசாமல் மீன் வாங்கியதே இல்லை. அன்று நாற்பது கொடுத்தேன்.